சாதம் நெஞ்சில் நிற்கிறதா?

அவசரமாக விழுங்கிய இட்லி நெஞ்சில் அடைத்தால், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து இறக்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால், வேளைக்கு வேளை தண்ணீர் இல்லாமல் சாதம் இறங்கவில்லை என்றால், அதை ‘வாய்வு’, ‘வயசுக் கோளாறு’ என்று விட்டுவிடக் கூடாது. பலரும் முதலில் சப்பாத்தியை நிறுத்துகிறார்கள். பிறகு சாதத்தைக் குழைக்கிறார்கள். அப்புறம் கஞ்சிக்கு மாறுகிறார்கள். இப்படிப் பழகிக்கொள்வதிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். கவளத்தை அலை அலையாகக் கீழே தள்ளும். இரைப்பையின் வாசலில் உள்ள தசை வளையம் திறந்து வழிவிடும். குழாய் குறுகினாலும், அலை பழுதானாலும், வளையம் திறக்காவிட்டாலும் உணவு நின்றுவிடும். எது காரணம் என்பதற்குப் பாதி விடை, நோயாளி சொல்லும் விவரத்திலேயே இருக்கிறது.

எது சிக்குகிறது?

முதலில் கெட்டியான உணவு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர் என்று சிரமம் வளர்ந்தால், குழாய் குறுகி வருகிறது என்று அர்த்தம். பல வருடங்கள் அமிலம் மேலேறியதால் உண்டான தழும்பாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

ஆரம்பம் முதலே சோறும் தண்ணீரும் சேர்ந்தே சிக்கினால், தசை இயக்கக் கோளாறாக இருக்கக்கூடும். அதில் முக்கியமானது ‘அக்கலேசியா’. வளையம் சரியாகத் திறக்காததால், படுத்தால் செரிக்காத சாப்பாடு வாய்க்கு வரும். நெஞ்செரிச்சலும் இருப்பதால், ‘அசிடிட்டி’ என்றே நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு.

விழுங்கத் தொடங்கும்போதே புரையேறினால், மூக்கு வழியே தண்ணீர் வந்தால், கோளாறு பெரும்பாலும் தொண்டையிலோ நரம்பிலோ இருக்கும். அதற்கான பரிசோதனைகள் வேறு.

என்ன பரிசோதனை?

பெரும்பாலும் முதலில் எண்டோஸ்கோபி. குழாயின் உட்புறத்தை நேரில் பார்த்து, தேவைப்பட்டால் சிறு சதைத் துணுக்கை பயாப்ஸிக்கு எடுப்பார்கள். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, அது எங்கே தேங்குகிறது என்று காட்டும். மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, தசை அழுத்தத்தை அளப்பது மேனோமெட்ரி. எண்டோஸ்கோபி ‘நார்மல்’ என்று வந்தும் சிரமம் தொடர்ந்தால், அதோடு நிறுத்திவிடக் கூடாது. அக்கலேசியாவை உறுதிசெய்வது மேனோமெட்ரிதான்.

தள்ளிப்போடக் கூடாதது

எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, விழுங்கும்போது வலி, 50 வயதைத் தாண்டிப் புதிதாக வரும் சிரமம் இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். உணவு சிக்கி எச்சில்கூட இறங்கவில்லை என்றால், அது அவசர சிகிச்சைக்கான நேரம். வாழைப்பழத்தையும் சோற்று உருண்டையையும் விழுங்கி அதைத் தள்ளப் பார்ப்பது ஆபத்து.

டாக்டரிடம் போகுமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது: எப்போது தொடங்கியது, எந்த உணவு சிக்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, எத்தனை கிலோ குறைந்தது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். ‘கஞ்சி குடித்துச் சமாளிக்கிறேன்’ என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.