அனுபவம் இருக்கட்டும், பணம் யாருடையது?

தேர்தல் வந்துவிட்டால் போதும், "வேட்பாளருக்கு அனுபவம் உண்டா?" என்ற பேச்சு சுரண்டைக் கடைத்தெருவிலே சூடு பறக்கும். கேட்கட்டும்; கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், "இவருடைய தேர்தல் செலவுக்குப் பணம் தந்தவர் யார்?" என்று கேட்போர் எத்தனை பேர்?

அனுபவம் பற்றித் தமிழகம் 1967-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஒன்பதாண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராசரை, விருதுநகரிலே 1,285 வாக்குகளில் வென்றவர் சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். காமராசரின் அனுபவத்துக்கா குறைவு? ஆயினும், அது ஒன்றே போதுமென்று மக்கள் கருதவில்லை.

அதே தேர்தலுக்குத் தி.மு.கழகம் 10 லட்ச ரூபாய் திரட்ட முனைந்தது. கருணாநிதி 11 லட்சம் திரட்டித் தந்தார். மாநாட்டு மேடையிலே, ஊரறிய, அந்தத் தொகையைச் சொல்லி அவரை வேட்பாளராக அறிவித்தார் அண்ணா.

அரை நூற்றாண்டு கழிந்தது. வந்தது என்ன? 2018-ல் தேர்தல் பத்திரம்! ஸ்டேட் வங்கியிலே வாங்கலாம், கட்சிக்குக் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் தரலாகாது என்றிருந்த வரம்பையும் 2017-லேயே நீக்கிவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15-ல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக, இத்திட்டம் செல்லாது, வாக்காளருக்கு அறியும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தனர்.

மூடியைத் திறந்ததும் தெரிந்ததென்ன? மிகப் பெரும் பங்கு, மத்தியிலே ஆண்ட பாரதிய ஜனதாவுக்கு. லாட்டரி நடத்தும் பியூச்சர் கேமிங் என்ற ஒரே கம்பெனி வாங்கிய பத்திரங்கள் 1,368 கோடி ரூபாய்க்கு. அதிலே 509 கோடி தி.மு.க.வுக்கு! லாட்டரியை 2003-ல் தடை செய்த மாநிலமல்லவா நமது? வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் இந்தக் கணக்கிலே கூடாது.

சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022-ல் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. அவருக்கு வரம்பிட்ட சட்டம், அவரை நிறுத்தும் கட்சியின் செலவுக்கு வரம்பிடவில்லை. இந்தச் சந்துவழியே எத்தனை கோடியும் நுழையலாம்!

2021-ல் தென்காசித் தொகுதியிலே வெற்றியை முடிவு செய்தவை 370 வாக்குகள். சுரண்டையின் சில தெருக்கள் நினைத்திருந்தால் முடிவே மாறியிருக்கும். அத்தனை வலிமையுள்ள வாக்கை, வெண்டைக்காயை நுனியொடித்துப் பார்த்து வாங்குகிற நாம், கண்ணை மூடிக்கொண்டா போடுவது?

அனுபவம் இல்லாதவர் ஐந்தாண்டிலே கற்றுக்கொள்வார். பணக்காரரிடம் கடன்பட்டவரோ, ஐந்தாண்டும் அந்தக் கடனைத்தான் அடைத்துக்கொண்டிருப்பார்! ஆகவே, கைகூப்பி வருபவர் எக்கட்சியினராயினும் கேட்போம்: "ஐயா, உங்கள் செலவு யாருடையது?"