கதவைத் தொறந்தா அடுத்தவங்க ஆதார்!

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தோட்டத்துச் சிட்டா ரெண்டு காப்பி வேணும்னு அப்பா சொன்னாரேன்னு வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "வாட்ஸப்புல அனுப்பிருங்ணா"ன்னார் கடைத்தம்பி. அனுப்பினேன். எறக்கிட்டு, அந்த மஞ்சக் கலர் ஃபோல்டர் படத்தைத் தட்டினார் பாருங்க...

யாரோ ஒரு அம்மாவோட ஆதார். யாரோட பேங்க் பாஸ்புக்கோ. ஒரு பொண்ணோட டி.சி. எல்லாம் பேரோட வரிசையா நிக்குது. எனக்குப் பின்னாடி நாலு பேர் எட்டிப் பாத்துட்டு நிக்கறாங்க. அடுத்து வர்றவருக்கு எங்கப்பா சிட்டா தரிசனம் :(

தம்பி மேல தப்பில்லீங்க. அவர் எதையும் தேடித் தொறக்கலை. விண்டோஸ் 10, 11-ல ஃபைல் எக்ஸ்புளோரரைத் தொறந்தா மொதல்ல வர்ற எடமே அதுதான். 2009-ல வந்த விண்டோஸ் 7 'லைப்ரரீஸ்'ல போய் நின்னுச்சு. 2013-ல 8.1 வந்தப்போ 'திஸ் பிசி'. 2015-ல விண்டோஸ் 10 வந்ததும் 'குயிக் ஆக்சஸ்'னு ஒண்ணைக் கொண்டாந்து, கடைசியாத் தொட்ட கோப்பையெல்லாம் வாசல்லயே கடை விரிச்சாங்க. விண்டோஸ் 11-ல அதுக்கே 'ஹோம்'னு பேரு. எவன் வீடுன்னுதான் கேக்கறேன்!

"மாத்திக்க வேண்டியதுதானே, இதுக்கு ஒரு பதிவா?"ன்னு கேக்கற பொட்டி தட்டும் புண்ணியவான்களுக்கு: மாத்தலாம். ஆப்ஷன்ஸ் போய், ஜெனரல்ல மேலேயே 'ஓப்பன் ஃபைல் எக்ஸ்புளோரர் டு'ன்னு இருக்கும். 'திஸ் பிசி'ன்னு வைங்க. கீழ பிரைவசியில இருக்கற டிக்கையெல்லாம் எடுத்துட்டு, 'கிளியர்' அமுக்குங்க. ஒரு நிமிச வேலை. ஆனா அப்படி ஒரு எடம் இருக்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் ஒரு நிமிசம். காலைல எட்டு மணிக்குக் கடை தொறந்து ராத்திரி வரை காப்பி எடுக்கறவர் அதை எப்போ தேடுவாரு? டீஃபால்ட்டுங்கறது சும்மா ஆரம்ப எடம் இல்லீங்க. பாதிப் பேருக்கு மேல அதுதான் கடைசி எடமும்.

அந்தப் பட்டியல்லயும் நம்ம இஷ்டத்துக்கு ஒரு ஃபோல்டரைக் குடுக்க முடியாது. ஹோம், திஸ் பிசி, ஒன்டிரைவ்... அவங்க வெச்சதுல ஒண்ணை எடுத்துக்கணும். டி டிரைவ்ல இருக்கற 'பில்' ஃபோல்டர்தான் வேணும்னா தனியா ஷார்ட்கட் போட்டு வெச்சுக்கோணும். விண்டோஸ் கீயோட ஈ தட்டினா மறுபடி அவங்க வாசலுக்கேதான் போகும். மேக்குல ஃபைண்டர் செட்டிங்ஸ்ல எந்த ஃபோல்டரை வேணும்னாலும் காட்டலாம். லினக்ஸ்ல கேடிஈ டால்ஃபினும் அப்படித்தான். ஆக, முடியாத காரியம் இல்லை. செய்யலை, அவ்வளவுதான்.

சரி, அடுத்தவனை மட்டும் திட்டுவானேன்? நானும் சாஃப்ட்வேர்ல டீஃபால்ட் வெச்சுக் குடுக்கறவன்தான். 'கடைசியாப் பாத்ததை மொதல்ல காட்டு'ன்னு யோசிக்காம நானே எழுதியிருக்கேன். ஏன்னா என் மிஷினை நான் ஒருத்தன்தான் பாக்கறேன். ஒரு ஆள், ஒரு லேப்டாப், ஒரு பூட்டின ரூம்னு நெனச்சுத்தான் நாம எல்லாத்தையும் செய்யறோம். ஒரே பொட்டியில ஊரே வந்து போற கடை நம்ம கண்ணுல படறதே இல்லை.

வசதிங்கறது யாருக்குன்னு கேளுங்க. எனக்கு ரெண்டு கிளிக் மிச்சம். அந்த அம்மாவுக்கு ஆதார் சந்தி சிரிக்குது. மொதல்ல காலி எடத்தைக் காட்டு, வேணும்ங்கறவன் 'கடைசியாப் பாத்தது'ன்னு தேடிப் போகட்டும். நியாயம் அதுதானே?

கடைசியில அந்தத் தம்பிகிட்ட கேட்டு நானே மாத்திக் குடுத்தேன். கோப்பெல்லாம் டவுன்லோட்ஸ்ல அப்படியேதான் கெடந்துச்சு. பட்டியலைத் தொடைச்சா கோப்பு அழியாதுங்கறதையும் சொல்லி, சாயங்காலம் கடை சாத்தறப்போ அழிச்சிருங்கன்னேன். "சரிங்ணா"ன்னார். காப்பிக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

டிஸ்கி: அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ நீங்களும் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில இதை மாத்திட்டு வாங்க மக்களே. 'லினக்ஸ் போடச் சொல்லு'ன்னு பின்னூட்டம் போடறவங்க, நீங்களே நேர்ல போய்ப் போட்டுக் குடுத்துட்டு வரவும் :)