தோளுக்கு மிஞ்சியவனோடு ஓர் ஆட்டம்

விளையாட்டு மைதானத்திலே முதுமைக்கு வழக்கமாக அளிக்கப்படும் இடம் யாது? நிழலில் இட்ட நாற்காலி ஒன்று. கழுத்தில் ஒரு மாலை. ஆட்டம் முடிந்ததும் வெற்றிக் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கும் கடமை. அவ்வளவே. உதைபந்தாட்டக்காரன் முப்பத்தைந்து வயதிலேயே கிழவனாகிவிடுகின்றான். கிரிக்கெட் வீரன் நாற்பதைத் தாண்டினால், ‘இன்னமுமா ஆடுகின்றார்?’ என்று ஊரார் வியக்கின்றனர். நம் நாட்டுக் கல்லூரிகளின் பெரும் ஆட்டம் நடைபெறும் நாட்களிலே பழைய மாணவர்கள் கொட்டகையின் கீழ் அமர்ந்து, தாம் அக்காலத்தில் எடுத்த ஓட்டங்களை ஒன்றுக்கு இரண்டாகப் பெருக்கிச் சொல்லி மகிழ்வதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அம் மகிழ்ச்சியின் அடியிலே சிறு துயரம் ஒன்றும் உண்டு. தம்மை இனி எவரும் ஆட அழைக்கப்போவதில்லை என்பதே அத் துயரம்.

இவ்விதிக்குப் பெரிதும் விலக்காக நிற்பது கொல்ப் விளையாட்டு. ‘அது பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று நேயர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் கூற்று முற்றிலும் பொய்யன்று. கொழும்பிலே 1879ஆம் ஆண்டிலும், நுவரெலியாவிலே 1889ஆம் ஆண்டிலும் தோன்றிய கழகங்கள் வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்குக்காக எழுந்தவையே. கொழும்பு மைதானத்தின் ஊடாகக் களனிவெளிப் புகையிரதப் பாதை செல்கின்றது. அவ்வழியே நாள்தோறும் தொழிலுக்குப் போவோருட் பெரும்பாலானோர்க்கு இவ்விளையாட்டோடு உள்ள உறவு, சாளரத்தினூடே தெரியும் பசும்புல்லின் காட்சியளவே. எனினும், முதியோர் ஓர் அணியாகவும் இளையோர் ஓர் அணியாகவும் பிரிந்து நட்போடு மோதிக்கொள்ளும் நல்வழக்கம் இவ்விளையாட்டில் வேரூன்றியிருக்கின்றது. அதிலே நம் இல்லங்களுக்கும் ஏற்ற செய்தி ஒன்று இருப்பதாற்றான் இவ்வாரம் அதனை எடுத்துக்கொண்டோம்.

முதலிலே ஆட்டத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். 18 குழிகள் கொண்ட மைதானத்தைச் சுற்றி முடிப்பதற்குத் தேர்ந்த ஆட்டக்காரனுக்கு வேண்டிய அடிகள் பெரும்பாலும் 72 என வகுத்திருக்கின்றனர். இக் கணக்கிலே ஒரு நுட்பம் உண்டு. குழியைச் சூழ்ந்துள்ள மெல்லிய புற்றரையைப் பந்து அடைந்த பின்னர், அதனை உருட்டிக் குழியில் வீழ்த்துவதற்கெனக் குழியொன்றுக்கு இரண்டு அடிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே, 72 அடிகளிற் சரிபாதியான 36 அடிகளுக்குத் தோள்வலிமை வேண்டியதில்லை. அமைதியான கண்ணும், நடுங்காத கையும், பதறாத மனமும் இருந்தாற் போதும்.

400 யார் நீளமுள்ள ஒரு குழியை எண்ணிப் பாருங்கள். 4 அடிகளில் முடிக்கவேண்டிய குழி அது. இளைஞன் ஓங்கி அடித்த முதலடியிலேயே பந்து 250 யார் பறக்கின்றது. இரண்டாவது அடியில் புற்றரையிலே இறங்குகின்றது. முதியவரின் பந்தோ அடிக்கு 180 யார் மாத்திரமே செல்கின்றது. இரண்டு அடிகளின் பின்னரும் அவருக்கு இன்னும் 40 யார் எஞ்சிநிற்கின்றது. ஆனால், அந்த 40 யார் தூரத்தை ஒரு சிறு தட்டலாற் கடந்து, குழியின் அருகே பந்தை நிறுத்தி, ஒரே உருட்டில் உள்ளே வீழ்த்துவாராயின், அவருக்கும் நான்கு அடிகளே. வேகமாய்ப் போனவனும் மெல்லப் போனவரும் ஒரே வேளையிற் படலையடியில் வந்து நிற்பதுபோன்ற நிலை இது.

இது வெறுங் கற்பனையன்று. 2009ஆம் ஆண்டிலே ஸ்கொட்லாந்தின் ரேண்பெரி மைதானத்தில் நடைபெற்ற பிரித்தானியப் பகிரங்கச் சுற்றுப்போட்டியை நினைவுகூர்வோர் பலர் இருப்பர். அதிற் பங்குபற்றிய அமெரிக்கரான ரொம் வொட்சனுக்கு அப்போது 59 வயது. முதலிரு நாட்களிலும் அவரோடு ஒரே குழுவில் ஆடிய இத்தாலிய இளைஞன் மத்தேயோ மனசேரோவுக்கு 16 வயது. பாட்டனும் பேரனும் என்று சொல்லத்தக்க இருவரும் எவ்விதச் சலுகையுமின்றி ஒரே மண்ணில் ஆடினர். நான்காம் நாளின் இறுதிக் குழியிலே மூன்று யாருக்கும் குறைந்த தூரத்திலிருந்து பந்தை உருட்டி வீழ்த்தியிருப்பின் பட்டம் வொட்சனுடையதாகியிருக்கும். பந்து தவறியது. சமநிலையை நீக்குதற்கு நடந்த நான்கு குழி ஆட்டத்தில் ஸ்டூவேட் சிங்க் வென்றார். வொட்சன் தோற்றார், ஆயினும், அறுபதை எட்டிப்பார்க்கும் ஒருவர் உலகின் முதல்வரிசை வீரரோடு இறுதிவரை நின்று பொருதமுடியும் என்பதை உலகம் கண்டது. இதற்கு முன்னர், 1973ஆம் ஆண்டிலே, ரூண் மைதானத்தின் 8ஆம் குழியில் ஒரே அடியாற் பந்தை வீழ்த்திய ஜீன் சரசனுக்கு வயது 71.

எனினும், வொட்சனும் சரசனும் கோடியில் ஒருவர். நம்மைப் போன்ற சாதாரணர் என்செய்வது? அதற்காகவே ‘ஹண்டிகப்’ என்னும் ஏற்பாட்டைக் கண்டார்கள். ஒவ்வொருவரும் அண்மையில் ஆடிய ஆட்டங்களின் பெறுபேறுகளைக் கொண்டு அவரவர் திறமைக்கு ஓர் இலக்கம் கணிக்கப்படுகின்றது. 2020ஆம் ஆண்டு முதல் உலகுக்கெல்லாம் பொதுவான முறையொன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி இறுதி 20 ஆட்டங்களுள் மிகச் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியே அடிப்படையாகும். இருவருடைய இலக்கங்களுக்கிடையே 10 வித்தியாசம் இருப்பின், வலிமை குறைந்தவர் மிகக் கடினமான 10 குழிகளில் ஒவ்வோர் அடி சலுகையாகப் பெறுவார். 18 வித்தியாசமாயின் குழிதோறும் ஓர் அடி. எக் குழி கடினம், எக் குழி எளிது என்ற வரிசை ஆட்ட அட்டையிலேயே அச்சிடப்பட்டிருப்பதால் வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

அணி ஆட்டத்திலே இது மேலும் சுவைபெறுகின்றது. இரு பக்கத்திலுமிருந்து இருவர் இருவராக இறங்குகின்றனர். ஒரு முறையில், நால்வரும் தத்தம் பந்தை ஆட, ஒவ்வொரு குழியிலும் இணையிற் சிறந்தவரின் பெறுபேறே கணக்கில் எடுக்கப்படும். இன்னொரு முறையில், இணைக்கு ஒரே பந்து; இருவரும் மாறி மாறி அடிக்கவேண்டும். வென்ற இணை தன் அணிக்கு ஒரு புள்ளி ஈட்டித் தரும். சமமாய் முடிந்தால் ஆளுக்கு அரைப் புள்ளி. இதனால், தனி ஆட்டத்திலே துவண்டுபோகும் ஒருவர்கூட, தம் இணையாளருக்கு இடுக்கட்பட்ட வேளையில் ஒரு குழியைக் காப்பாற்றிக் கொடுத்து, அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம்.

இத்தகைய ஆட்டம் தொடங்குமுன் மூத்த அணியினரிடம் சுகம் விசாரிப்பது பெரும் வேடிக்கை. ஒருவருக்கு முழங்காலில் வாதம். மற்றவருக்கு முதல்நாளிரவு கண்மூடவில்லை. மூன்றாமவர் வைத்தியரின் தடையையும் மீறி வந்தவர். கேட்கும் இளைஞர் மனமிரங்கிச் சற்று அசட்டையாக ஆடத் தொடங்குவர். ஆறு குழிகள் கடந்த பின்னரே அவ்வாதம் முழங்காலில் இல்லை, நாவிலேதான் இருந்தது என்பது தெரியவரும். இளையோரின் பலவீனமோ வேறு. இளங்கன்று பயமறியாது. ஆற்றைக் கண்டால் தாண்டி அடிக்கவேண்டும்; மரத்தைக் கண்டால் மேலாக அடிக்கவேண்டும். முதியவர் ஆற்றின் இக்கரையிலே பந்தை மெல்ல நிறுத்தி, வெற்றிலைப் பையை அவிழ்ப்பவர்போலச் சாவதானமாக நிற்கையில், இளைஞன் புதருக்குள்ளே பந்தைத் தேடிக்கொண்டிருப்பான்.

இனி, இந்நட்புப் போட்டியின் உள்ளே கிடக்கும் முள்ளுக்கு வருவோம். ‘சலுகை அடி வாங்கி வென்றது ஒரு வெற்றியா?’ என்று இளையோர் முணுமுணுப்பதுண்டு. ‘சிறுவரிடம் பிச்சை வாங்கி ஆடுவதிலும் பார்க்க ஆடாதிருப்பது மேல்’ என்று ரோஷமுள்ள முதியவர் ஒதுங்குவதும் உண்டு. இரு சாராரும் ஒரே தவறான எண்ணத்திலிருந்தே பேசுகின்றனர் என்பது நம் கருத்து. சலுகை அடி தானமன்று. அது கணக்கிட்டு, எழுதி, இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நீதி. அந்நீதி ஏற்பட்ட பின்னர் இருவரும் தம் முழுப் பலத்தோடும் ஆடக் கடமைப்பட்டவர்கள். கணக்கில் எழுதாத இரக்கமே அவமதிப்பாகும். முதியவர் மனம் நோகும் என்று வேண்டுமென்றே பந்தைப் பிழையாக உருட்டும் இளைஞன், அவரை மீண்டும் அந்த மாலையிட்ட நாற்காலிக்கே துரத்திவிடுகின்றான். அதை அவர் அறியமாட்டார் என்று அவன் எண்ணுவது அதனினும் பெரிய பிழை. பாம்பின் கால் பாம்பறியும். ஆயிரம் பந்துகளை உருட்டியவர் பொய்யாக உருட்டிய பந்தை அறியாரா?

விட்டுக்கொடுத்தல் வேறு, இரங்குதல் வேறு. 1969ஆம் ஆண்டு றைடர் கிண்ணப் போட்டியின் இறுதிக் குழியிலே, அமெரிக்கரான ஜக் நிக்லஸ், பிரித்தானியரான ரொனி ஜக்லினின் குறுந்தூரப் பந்தை உருட்டிக் காட்டுமாறு கேளாமலே ஏற்றுக்கொண்டார். அதனால் முழுப் போட்டியும் 16க்கு 16 எனச் சமமாயிற்று. அது ஏன் இன்றும் போற்றப்படுகின்றது? கடைசிக் கணம்வரை ஒருவரையொருவர் வெல்ல முயன்ற இருவருக்கிடையே அது நிகழ்ந்தமையாலேயே. முழு மனத்தோடு மோதியவனுக்கே விட்டுக்கொடுக்கும் உரிமையும் உண்டு.

மூத்தோர்க்கும் இளையோர்க்குமிடையே நிலவிய இவ்வுறவின் உச்சத்தைக் காணவேண்டின், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொம் மொறிஸ் என்னும் தந்தையையும், அதே பெயர் கொண்ட மகனையும் நோக்கவேண்டும். தந்தை சென் அன்ட்றூஸ் மைதானத்தின் காவலர். 1867ஆம் ஆண்டிலே, தமது 46ஆம் வயதில், பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தை நான்காம் முறையாக வென்றார். அடுத்த ஆண்டு அப்பட்டம் வீட்டை விட்டுப் போகவில்லை. 17 வயதேயான மகனின் கைக்கு மாறியது. அப்போட்டியின் வரலாற்றிலே மிக மூத்த வெற்றிவீரர் என்ற பெயரும், மிக இளைய வெற்றிவீரர் என்ற பெயரும் இன்றுவரை அவ்விருவருக்கே உரியன. முதியோர் பந்தை உருட்டுவதில் வல்லவர் என்று மேலே கூறினோம் அல்லவா? தந்தை மொறிஸ் அதற்கு ஒரு விலக்கு. குறுந்தூரப் பந்துகளை அவர் தவறவிடுவது ஊரறிந்த செய்தி. மகனே அதைச் சொல்லிக் கேலி செய்வானாம். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்னும் நம் முதுமொழி அக் குளிர்நாட்டிலும் பலித்திருந்தது.

அவ்விருவரும் எதிரெதிராக ஆடினர். ஒரே இணையாகவும் ஆடினர். 1875ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே நோர்த் பெரிக் என்னும் இடத்தில் பார்க் சகோதரர் இருவரை எதிர்த்துத் தந்தையும் மகனும் ஆடிக்கொண்டிருந்தபோது தந்தியொன்று வந்தது. மகனின் மனைவி பிரசவ வேதனையில் அபாய நிலையில் இருந்தாள். இருவரும் படகேறிக் கடற்கழியைக் கடந்து விரைந்தனர். ஆயினும், தாயும் சேயும் பிழைக்கவில்லை. அவ்வாண்டு நத்தார் தினத்தன்று மகனும் மாண்டான். அவனுக்கு வயது 24. தந்தையோ 1908ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். அந்த நீண்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் இழந்து நின்றது மகனை மட்டுமா? தம்மை வெல்லத்தக்கவனையும், தாம் வெல்ல விரும்பியவனையும், ஒரே பந்தைத் தம்மோடு மாறி மாறி அடித்தவனையும் அன்றோ?

இதனை எண்ணும்போது நம் இல்லங்களைப் பற்றியும் நினைக்கவேண்டியிருக்கின்றது. மகனிடம் தந்தை பேசுவது பெரும்பாலும் புத்திமதி. தந்தையிடம் மகன் பேசுவது பெரும்பாலும் ‘சாப்பிட்டீர்களா, மருந்து குடித்தீர்களா’ என்னும் விசாரணை. இரண்டும் அன்பிலிருந்து பிறப்பவையே. ஆனால், ஒன்றில் இளையவன் தாழ்ந்து நிற்கின்றான்; மற்றதில் முதியவர் தாழ்ந்து நிற்கின்றார். இருவரும் நேருக்கு நேர் நிமிர்ந்து நிற்பதற்கு ஓர் இடம் வேண்டாமா? அதற்குப் பெருஞ் செலவில் மைதானம் தேவையில்லை. கரம்பலகை போதும், சதுரங்கம் போதும், யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலே இருவர் இருவராய்ச் சேர்ந்து ஆடும் ‘முந்நூற்றுநான்கு’ கடதாசி ஆட்டம் அதற்கென்றே அமைந்தாற்போல இருக்கின்றது. பாட்டனாரைப் பேரனுக்கு எதிரே அமர்த்துங்கள். மறுநாள் அவனுக்கே இணையாக அமர்த்துங்கள். ஆற்றல் குறைந்தவருக்கு எவ்வளவு சலுகை என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அதன்பின் ஒருவருக்கொருவர் இரங்காதீர்கள்.

முதியோர்க்கு ஒரு வார்த்தை: தோற்றால் முழங்காலைக் குறைகூறாதீர்கள், வென்றவனின் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். இளையோர்க்கும் ஒரு வார்த்தை: வெல்லக்கூடிய ஆட்டத்தை வென்றுவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழிதீர்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு அவர் வெள்ளனவே எழுந்து உங்களைத் தேடி வருவார். எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது.