தோமாவின் நாற்காலி யாருக்குச் சொந்தம்?

வடபழனி முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவனுக்கு சர்ச் விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சண்டையை ஆரம்பித்தது நான் இல்லை.

போன வாரம் வகுப்பு நண்பர்கள் நாலு பேர் சாந்தோம் பேராலயத்துக்குப் போயிருந்தோம். தோமையார் கல்லறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததுமே கேரளத்துப் பையன்கள் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. ஒருவன் ஆர்த்தடாக்ஸ், இன்னொருவன் யாக்கோபாயா. இரண்டு வீட்டிலும் ஒரே வழிபாடு, ஒரே ஜெபம். பிறகு எதற்குச் சண்டை? தலைமை கோட்டயத்திலா, அந்தியோக்கியா பாத்ரியர்க்கிடமா என்பதற்குத்தான்!

வீட்டுக்கு வந்து படித்தேன். தலை சுற்றியது. 1653 ஜனவரி 3 அன்று, போர்ச்சுகீசியர்களின் அதிகாரத்துக்கு அடங்க மாட்டோம் என்று தோமா கிறிஸ்தவர்கள் மட்டாஞ்சேரியில் சத்தியம் செய்தார்கள். பெயர் கூனன் குரிசு சத்தியம். ஆயர் கிடைக்காததால் 12 குருமார்கள் சேர்ந்து தங்கள் அர்ச்தியாக்கோன் தோமாவின் தலையில் கை வைத்து அவரையே ஆயர் ஆக்கினார்கள். அது செல்லுமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் ஒரு பகுதியினர் ரோமுக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு 1665இல் அந்தியோக்கியா வழி ஆயர் வந்தார்.

அதன்பிறகு பிளவு, வழக்கு, சமாதானம், மறுபடி பிளவு. 1958இல் சேர்ந்தார்கள். 1970இல் பாத்ரியர்க் ஒரு கடிதத்தில் தோமா குருவே அல்ல, அவருக்கு சிம்மாசனம் ஏது என்று எழுதினார். 1975 வாக்கில் மறுபடி உடைந்தது. 2017 ஜூலை 3இல் உச்ச நீதிமன்றம், 1934 சபைச் சட்டப்படிதான் பள்ளிகள் நடக்க வேண்டும் என்றது. அடுத்து வந்தது இறந்தவர்களை அடக்கம் செய்வதில் தகராறு. குடும்பக் கல்லறையில் புதைக்க விடுவதற்கென்றே கேரள அரசு 2020இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்போஸ்தலர் பெயரைச் சொல்லிக்கொண்டு பிணத்தை மறிப்பதா!

"வாரிசுரிமை சும்மா வந்ததல்ல" என்பார்கள். உண்மைதான். 2ஆம் நூற்றாண்டில் ஆளாளுக்கு ரகசிய உபதேசம் இருக்கிறது என்று கிளம்பியபோது, இரேனியஸ் ஆயர்களின் வரிசையைக் காட்டித்தான் பதில் சொன்னார். அதற்கும் முன்னால், கி.பி. 96 வாக்கில் கொரிந்துவில் மூப்பர்களை நீக்கியபோது ரோமிலிருந்து கிளமெந்து கடிதம் எழுதினார். இவர்கள் அப்போஸ்தலர் வழி வந்தவர்கள், நீக்காதீர்கள் என்று. கவனியுங்கள், அது சபை உடையாமல் காக்கச் சொன்ன வாதம். அதே வாதத்தை வைத்தே இன்று சபையை உடைக்கிறார்கள்.

நான் பி.காம் படிப்பவன், எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். குட்வில் என்பதை நீங்களாகவே மதிப்புப் போட்டு பாலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாது. விலை கொடுத்து வாங்கியிருந்தால் மட்டுமே காட்டலாம். அப்போஸ்தலரின் நற்பெயரும் அப்படித்தான். நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள்?

விலை கொடுத்த உதாரணம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. 1919இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 28 வருஷம்! ஆயர் முறையே வேண்டாம் என்றிருந்த சபைகள் ஆயரை ஏற்றன. ஆங்கிலிக்கர்கள், ஆயர் கை வைக்காத போதகர்களையும் மறு அபிஷேகம் கேட்காமல் ஏற்றார்கள். இங்கிலாந்தில் கவிஞர் டி.எஸ்.எலியட் வரை இதை எதிர்த்து எழுதினார். இவர்கள் அசரவில்லை.

"அதே சி.எஸ்.ஐ. இன்று தேர்தல் வழக்குக்காக உச்ச நீதிமன்றம் வரை போகவில்லையா?" என்று கேட்பீர்கள். போயிருக்கிறது. வெட்கம்தான். ஆனால் அது 1947இல் செய்தது தப்பு என்று ஆகாது. ஒருமுறை கொடுத்த விலை அடுத்த தலைமுறைக்குச் செல்லாது, அவர்களும் கொடுக்க வேண்டும் என்றுதான் ஆகிறது.

சாந்தோமில் அந்த இரண்டு பேரும் சண்டையை முடித்துவிட்டு ஒரே பஜ்ஜித் தட்டில் கை வைத்தார்கள். அவர்கள் தலைவர்கள் அதற்கு எந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டுமோ!

திட்டுவதென்றால் பின்னூட்டத்தில் திட்டுங்கள். கொஞ்சம் படித்துவிட்டுத் திட்டினால் சந்தோஷம் :-)