கோலடித்தவருக்கு அடுத்த வேலை என்ன?

1999–2000 பருவத்தில் இந்தியத் தேசிய உதைபந்தாட்ட லீக்கில் அதிக கோல் போட்டவர் தாஷ்கண்டில் பிறந்த உஸ்பெக் வீரர் இகோர் ஷ்க்விரின். கொல்கத்தாவின் மோகன் பகானுக்காக அவர் போட்டது 11 கோல்கள். லீக் பட்டமும் அந்தக் கழகத்துக்கே போனது. அப்போது அவருக்கு வயது 36. எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்களில் அந்த வயதுக்காரர் ஒன்றில் கழக நிர்வாகசபையில் இருப்பார், இல்லாவிட்டால் இறுதியாட்டத்தன்று மாலை போட்டு மேடையில் இருத்தப்படுவார்.

ஷ்க்விரின் சும்மா வந்துபோன ஆளல்ல. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு விழாவில், சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன உஸ்பெகிஸ்தான், இறுதியாட்டத்தில் சீனாவை 4–2 என்று வென்று தங்கம் எடுத்தது. அந்த அணியின் முன்களத்தில் நின்றவர் அவர். ஆடி முடித்ததும் பயிற்றுநராகி, சுரங்க நகரமான அல்மாலிக்கின் ஏஜிஎம்கே கழகத்தைப் பொறுப்பேற்றார். அதே தங்க அணியின் மிர்ஜலால் காசிமோவ் பின்னாளில் தேசிய அணிக்கே பயிற்றுநரானார். நாட்டுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய தைமூர் கபாட்ஸே பயிற்றுநராக 2025 ஜூனில் உஸ்பெகிஸ்தானுக்கு முதல் உலகக் கிண்ண வாய்ப்பை வாங்கிக் கொடுத்தார்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் ராமன் விஜயன் இருக்கிறார். அதே இந்திய லீக்கின் 1997–98 பருவத்தில் 10 கோல்களுடன் முதலிடம் பிடித்த தமிழ்நாட்டு வீரர். அவர் திண்டுக்கல் பக்கத்தில் பயிற்சிக்கூடம் நடத்திப் பிள்ளைகளை உருவாக்கப் போனார்.

யாழ்ப்பாணத்தில் முன்கள வீரர்களுக்குப் பஞ்சமே இல்லை. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று கழகப் பெயரைச் சொன்னாலே ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய ஆட்டம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த ஆட்டக்காரர்கள் அறிந்தது எங்கே போகிறது?

நல்ல முன்கள வீரருக்குத் தெரிந்தவை மிக நுணுக்கமானவை. பின்கள வீரரின் கண்ணுக்குப் படாமல் அவர் தோளுக்குப் பின்னால் அரை அடி தள்ளி நிற்பது. பந்து வருமுன் கோல் காப்பாளர் எந்தக் காலில் பாரத்தைப் போட்டிருக்கிறார் என்று ஒரு தரம் பார்த்துவிடுவது. பலமாக அடிப்பதா, உட்பாதத்தால் தள்ளிவிடுவதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுப்பது. எங்கள் பாடசாலை மைதானங்களில் பெரும்பாலும் நடப்பதோ ஓட்டம், உடற்பயிற்சி, பிறகு இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆட்டம். உடற்கல்வி ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது. ஒரே ஆள் தடகளமும் பார்க்கவேண்டும், வலைப்பந்தும் பார்க்கவேண்டும்.

"நல்ல ஆட்டக்காரன் நல்ல பயிற்றுநராக வரமாட்டான்" என்று மைதான ஓரத்தில் அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மை. தான் செய்ததைப் பிறருக்கு விளங்கப்படுத்துவது தனி வித்தை. அதைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு டி, சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகச் சான்றிதழ்களை வைத்திருக்கிறது. கீழ்ப்படியில் ஏற உலகப் புகழ் தேவையில்லை. நேரமும் கட்டணமும் போதும்.

காசு இல்லை என்ற பேச்சை நம்புவது கடினம். புலம்பெயர்ந்த ஊரவர் அனுப்பும் பணத்தில் கிண்ணம், சீருடை, மின்னொளி, பரிசுத்தொகை எல்லாம் வருகின்றன. ஒரு சுற்றுப்போட்டியின் பரிசில் ஒரு பங்கை ஒதுக்கி, முப்பதைத் தாண்டிய ஒரு முன்கள வீரரைச் சான்றிதழ் வகுப்புக்கு அனுப்பக் கழகங்கள் முன்வரலாம். அரியாலையில் உதைபந்தாட்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வகுப்பைத் தமிழிலேயே அங்கு நடத்தும்படி உள்ளூர் லீக்குகள் சேர்ந்து கேட்கலாம். முதல் வகுப்பில் பாதி இடத்தைத் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பழைய வீராங்கனைகளுக்குக் கொடுக்கவேண்டும். அகில இலங்கைப் பட்டங்களைக் கொண்டுவந்த அவர்களைப் பயிற்றுநர் வேலைக்கு யாரும் தேடிப் போவதாகத் தெரியவில்லை.