முழங்காலும் கருங்காலியும்

கருவிக்குள் இயந்திரம் புகுந்தால் இசை வெளியேறிவிடும் என்று நம்புகிற ஒரு ரசிகர் கூட்டம் நம்மிடையே உண்டு. திருச்சியின் சபா வாசல்களிலும் ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளிலும் அந்த நம்பிக்கைக்கு இன்றும் குறைவில்லை. இதற்கு எதிரே இன்னொரு கூட்டம். வெளிநாட்டுக் கருவி எதையாவது இணையத்தில் பார்த்துவிட்டு, அதிலுள்ள மிதிகளையும் நெம்புகோல்களையும் எண்ணி, எண்ணிக்கை கூடக்கூடக் கருவி உயர்ந்தது என்று முடிவுகட்டுபவர்கள். கோட்டுவாத்தியத்திலும் நாலு நெம்புகோல் பொருத்தினால் என்ன என்று கேட்பவர்களும் இவர்களே. இரு தரப்பாரும் தவிர்க்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த நெம்புகோல் எந்த வேலைக்காக வந்தது? இதைக் கேட்காமல் இயந்திரத்தை வெறுப்பதும் அதன்மேல் மோகம் கொள்வதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள் என்பது என் தரப்பு.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெடல் ஸ்டீல் கிட்டார் மிகவும் பொருத்தமான கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் கிட்டாரை மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் ஓர் உருக்குத் துண்டை வழுக்கி வாசிக்கத் தொடங்கினார்கள். அந்தத் துண்டு நேரானது. ஆகவே அதன் கீழிருக்கும் எல்லாத் தந்திகளும் ஒரே அளவு ஏறும், ஒரே அளவு இறங்கும். ஒற்றை மெட்டு வாசிப்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. ஆனால் மேற்கத்திய இசை பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பதால் நடப்பது. மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கையில் ஒன்று மட்டும் நகர வேண்டும், மற்ற இரண்டும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நேரான துண்டால் இதை எளிதில் செய்யமுடியாது. இந்த முடியாமைதான் மிதிகளைப் பிறப்பித்தது. 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் தந்தியை மிதியால் ஏற்றி வாசித்ததைக் கேட்டபின், அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் அந்தக் கருவியின் குரலே மாறிப்போயிற்று.

கைகள் இரண்டும் தந்திமேல். இடது கால் மிதிகளின் மேல். வலது கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிதியின் மேல். மிஞ்சியவை முழங்கால்கள். ஒவ்வொரு முழங்காலும் இடமும் வலமும் தள்ளலாம். இடது முழங்கால் மேலேயும் தூக்கலாம். ஆக ஐந்து நெம்புகோல்கள். முழங்கால் தள்ளினால் கருவியின் அடியிலுள்ள கம்பி இழுபட்டு, குதிரைப் பக்கத்தில் அந்தத் தந்தி மட்டும் முறுகும் அல்லது தளரும். காலை எடுத்தால் தந்தி பழைய சுருதிக்கே திரும்பும். ஏறுவதன் எல்லையையும் இறங்குவதன் எல்லையையும் திருகாணிகள் தீர்மானிக்கின்றன.

இந்த ஐந்தில் எவை பயனுள்ளவை? ‘ஈ நைன்த்’ என்று சொல்லப்படும் பத்துத் தந்திச் சுருதியமைப்பை எடுத்துக்கொள்வோம். ஈ என்பதை ஷட்ஜமாக வைத்தால், திறந்த தந்திகளில் ஷட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் சேர்ந்து கிடைக்கின்றன. ஒரு மிதி பஞ்சமத்தைத் தைவதமாக்கும், இன்னொன்று காந்தாரத்தைச் சுத்த மத்திமமாக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் துண்டை நகர்த்தாமலேயே மத்திமத்தை அடியாகக் கொண்ட சேர்க்கை வந்துவிடும். இப்போது ஷட்ஜமத் தந்திகளை அரைஸ்வரம் இறக்கிக் காகலி நிஷாதமாக்கும் நெம்புகோலைத் தள்ளுங்கள். பஞ்சமம், நிஷாதம், ரிஷபம் சேர்ந்து பஞ்சமத்தை அடியாகக் கொண்ட சேர்க்கை அதே இடத்தில் பிறக்கிறது. அந்த மரபின் பெரும்பாலான பாட்டுகள் இந்த மூன்று சேர்க்கைகளின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே முதல் நெம்புகோல் இதுவே.

இரண்டாவது, அதே தந்திகளை அரைஸ்வரம் ஏற்றுவது. பஞ்சமத்தைத் தைவதமாக்கும் மிதியோடு அதைச் சேர்த்து, துண்டை மூன்று அரைஸ்வரம் மேலே வைத்தால், தொடங்கிய ஷட்ஜமச் சேர்க்கையே வேறு வரிசையில் வந்து நிற்கும். ஒரே தந்தியை ஏற்றுவதும் இறக்குவதும் ஒருபோதும் ஒரே நேரத்தில் தேவைப்படாது. அதனால் அவ்விரண்டையும் ஒரே முழங்காலின் இடத்துக்கும் வலத்துக்கும் கொடுத்துவிடலாம். சேர்ந்து இயங்க வேண்டியவற்றை வெவ்வேறு கால்களுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக இரண்டாம் தந்தியின் நிஷாதத்தை இறக்குவது, நான்காவதாகப் பஞ்சமத்தைப் பிரதி மத்திமமாக்குவது என்று மற்றவை பின்னால் வரட்டும். தரவரிசை இப்படி அமைவது ருசியால் அல்ல, இலக்கணத்தால். எந்த நெம்புகோல் வேண்டும் என்பவன் எந்த இசையை வாசிக்கிறேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் நம்மூருக்கு வருவோம். தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடையில் ரயில் நின்று போகும் பூதலூர், கோட்டுவாத்தியக் கலைஞர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் பெயரால் இசையுலகில் அறியப்பட்ட ஊர். அவருக்கு முன்னால் திருவிடைமருதூர் சகாராம ராவ், அவர் காலத்திலேயே நாராயண ஐயங்கார் என்று அந்தக் கருவிக்குப் பெரிய கைகள் வாய்த்தன. இன்று சித்ரவீணை என்று அழைக்கப்படும் அதே கருவி. மெட்டுகள் கிடையாது. தந்திமேல் வழுக்க ஒரு கருங்காலிக் கட்டை போதும். ஹவாய் கிட்டாரின் தத்துவமும் இதன் தத்துவமும் ஒன்று. ஆனால் இதற்கு நெம்புகோல் முளைக்கவில்லை. நம்மவர்களுக்கு இயந்திர அறிவு இல்லாததால்தான் முளைக்கவில்லை என்பது அவசரப் பேச்சு. நம் இசை ஒற்றை மெட்டில் நடக்கிறது. கட்டை அதற்குப் போதுமானது. இல்லாத நோய்க்கு மருந்து தேடவில்லை, அவ்வளவுதான்.

மிதி ஏறும்போது தந்தி வழுக்கிக்கொண்டுதானே ஏறுகிறது, அது கமகம் இல்லையா என்று ஒரு வாதம் வரும். இல்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. எந்தப் பிடியில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் வீச்சும் வேகமும் மாறும். நெம்புகோலின் எல்லைகளோ திருகாணியால் முன்கூட்டியே முடிவானவை. எல்லையைப் பிடிக்குப் பிடி மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் கையிடம் இருக்கிறது. அதை முழங்காலுக்கு மாற்றிக் கொடுப்பதால் இசைக்கு லாபம் ஒன்றுமில்லை.

அப்படியானால் பழைமைவாதி சொல்வது சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. அவர் போற்றும் வீணையின் 24 மெட்டுகளே ஒரு காலத்தின் தொழில்நுட்பம். ராகத்துக்கு ராகம் மெட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்த நிலை போய், எல்லா ராகத்துக்கும் ஒரே வீணை என்ற ஏற்பாடு பதினேழாம் நூற்றாண்டுத் தஞ்சையில், ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பார்கள். அன்றும் யாராவது முகம் சுளித்திருப்பார்கள். இன்று ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவ நாட்களில் நம்பெருமாள் உள்ளே திரும்பும் வேளையில் வீணை ஏகாந்தம் கேட்டு உருகுபவர், மெழுகில் பதித்த அந்த மெட்டுகளை இயந்திரம் என்று நினைப்பதே இல்லை.

திருச்சியிலேயே இன்னொரு சான்று உண்டு. 2022இல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜன் இந்த ஊர்க்காரர். அவர் கையிலெடுத்த கிளாரினெட், உடம்பெல்லாம் சாவிகள் கொண்ட கருவி. அதில் விரல் நேராக மூடும் துளைகளும் உண்டு, சாவி மூடும் துளைகளும் உண்டு. விரல் துளையைப் பாதி திறக்கலாம், மெல்ல விலகலாம். சாவிக்குத் திறப்பதும் மூடுவதும்தான் தெரியும். விரலையும் உதட்டையும் நம்பி அந்தக் கருவியில் நாதஸ்வரத்தின் ராக ஆலாபனையை எழுப்ப முடிந்தது என்றால், கருவியில் எதை ஆள்வது, எதை ஒதுக்குவது என்ற தேர்வு கலைஞனிடம் இருந்தது என்று பொருள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையாக இருந்த எட்டுத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு வந்ததும் இத்தகைய தேர்வே.

தேர்வைக் கலைஞனிடமிருந்து பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் வரலாறு இருக்கிறது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. மறு ஆண்டே, 1940 மார்ச்சில், அகில இந்திய வானொலி முழுவதும் ஹார்மோனியத்துக்குத் தடை வந்தது. 1971இல்தான் அது ஓரளவு தளர்ந்தது. ஹார்மோனியத்தின் கட்டைகளில் கமகம் வராது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் ஒரு கருவியால் செய்ய முடியாததை மட்டும் பட்டியலிட்டு, முடிந்ததை விசாரிக்காமலே வாயை அடைத்தது அதிகாரத்தின் வழக்கமான அசட்டுத்தனம். ராகத்தின் நுட்பத்தைக் காக்க வந்த தடை, நாடகமேடையில் ஊரையே கட்டிப்போட்ட கைகளையும் சேர்த்து வானொலிக்கு வெளியே நிறுத்தியது.

இத்தனைக்கும் நாம் எதிர்க்க வேண்டிய இயந்திரம் ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் தீபாராதனையின்போது முரசையும் மணியையும் தானே அடித்துக்கொள்ளும் மின்சாரப் பெட்டி. அதில் பொத்தானை அழுத்துபவருக்குத் தாளம் தெரிய வேண்டியதில்லை. முழங்கால் நெம்புகோல் வாசிப்பவனுக்காகக் காத்திருக்கிறது. இந்தப் பெட்டி வாசிப்பவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. மேளக்காரரின் பிழைப்பைத் தின்னும் பெட்டியின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மாலையில் சபாவுக்கு வந்து கிட்டாரில் மிதி இருக்கிறதே என்று வருந்துகிறவரை நான் ரசிகர் என்று ஒப்பமாட்டேன்.

சரி, நம் கோட்டுவாத்தியத்துக்கு நெம்புகோலே வேண்டாமா? ஒன்று வேண்டும் என்பேன். ஸ்ரீரஞ்சனி, ஹிந்தோளம், ஆபோகி போன்ற ராகங்களில் பஞ்சமம் கிடையாது. ஆனால் பக்கத்துச் சுருதித் தந்தி பஞ்சமத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது. கச்சேரி நடுவில் பிருடையைத் திருகிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அந்த ஒரு தந்தியைப் பஞ்சமத்திலிருந்து சுத்த மத்திமத்துக்கு இறக்கி, ராகம் முடிந்ததும் திரும்ப ஏற்றும் ஒரு சிறு நெம்புகோல் இருந்தால் அது உண்மையான உதவி. இங்கே எல்லைகள் இரண்டும் நிலையானவை, கமகம் கிடையாது, கட்டை பிடித்த கை இதைச் செய்ய முடியாது. நெம்புகோலுக்கென்றே பிறந்த வேலை. அடுத்தபடியாக, அடியில் அதிரும் பன்னிரண்டு அனுநாதத் தந்திகளில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் ராகத்துக்கேற்ப மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். எரார்டு 1810இல் ஐரோப்பிய யாழுக்கு ஏழு மிதிகள் வைத்துச் செய்துகாட்டியது அதைப் போன்ற ஒரு காரியத்தைத்தான்.

அதற்குமேல் வேண்டாம். பெடல் ஸ்டீல் கிட்டாரிலேயே ஒரு தந்தியை இழுத்தால் உடல் மயிரிழை வளைந்து மற்றத் தந்திகளின் சுருதி சற்று இறங்கும். அதைக் கட்டுப்படுத்தவே அங்கே பெரும்பாடு படுகிறார்கள். குடைந்த பலா மரத்தில் ஐந்து நெம்புகோல் மாட்டினால் தந்தி இறங்குவதற்கு முன் கருவி இறங்கிவிடும். சில லட்சம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து பெடல் ஸ்டீல் தருவித்து அதில் கீர்த்தனை வாசிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வேன். வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: உங்கள் இசையில் கட்டையால் முடியாதது எது? தாள் வெறுமையாக இருந்தால், அந்தப் பணத்தில் பல ஆண்டுகள் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம்.