உழைப்பைத் தருவோம், நம்மைத் தர மாட்டோம்

தொழிலைத் தெய்வமாகக் கும்பிடு என்று நமக்குச் சொல்பவர்கள் யார்? அந்தத் தொழிலை ஒருநாளும் செய்யாதவர்கள்.

2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் தூய்மைப் பணியாளர் ஐவரின் கால்களைப் பிரதமர் கழுவினார். 2020 கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர்கள் என்று பூத்தூவினார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு அதே வேலையைச் செய்பவர்கள், "தனியாருக்குத் தராதே, பணி நிரந்தரம் செய்" என்று உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்து வண்டியில் ஏற்றியது. சேவை செய்தால் பூ, உரிமை கேட்டால் கைது!

தோழர்களே, இதன் சூட்சுமம் எளிது. வேலைக்குச் 'சேவை' என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்பது பேராசையாகிவிடும். 'புனிதம்' என்று சொல்லிவிட்டால் அதைவிட்டு வெளியேறுவது துரோகமாகிவிடும். குலத்தொழிலில் நம் முன்னோரைக் கட்டிப்போட்ட கயிறு இதுதான்.

படித்து அலுவலகம் போன நம்மையும் அது விடவில்லை. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்கிறார் மேலாளர். அந்தக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும் நம் பங்கு. 'கோட்டாவில் வந்தவர்' என்ற முணுமுணுப்பைப் பொய்யாக்க இரண்டு மடங்கு உழைத்து, மேலதிகாரியின் ஒரு பாராட்டுக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறோம். எதற்கு? இடஒதுக்கீடு நம் உரிமை. அதற்கு நன்றிக்கடன் கிடையாது.

இந்து சட்ட மசோதா முடக்கப்பட்டபோது, 1951இல், சட்ட அமைச்சர் பதவியையே உதறினார் அம்பேத்கர். நாற்காலியைவிட நோக்கம் அவருக்குப் பெரிது. நம்மில் பலருக்கு ராஜினாமா செய்யும் வசதி இல்லை. வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி தங்கை படிப்பு இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்குத்தான் மனதளவிலான இந்த விலகல் அதிகம் தேவை.

விலகல் என்றால் அலட்சியம் என்று திரிப்பார்கள். அரசு மருத்துவமனையிலும் பள்ளியிலும் நாம் அலட்சியம் காட்டினால் அடிபடுவது நம் சேரிப் பிள்ளைகள். ஆகவே வேலையை நேர்த்தியாகச் செய்வோம், நேரம் முடிந்ததும் எழுந்து வருவோம். பணி ஆணையை வரிவரியாகப் படிப்போம். கூடுதல் நேரத்தைக் குறித்து வைத்து ஊதியம் கேட்போம். சங்கத்தில் சேருவோம். வேலையிடம் தள்ளி நிற்கலாம், சக தொழிலாளியிடம் நெருங்கியே நிற்க வேண்டும்.

மிச்சமாகும் மாலை நேரம் படிப்பு வட்டத்துக்கும் போராட்டத்துக்கும் நம் வீட்டாருக்கும் உரியது. நிறுவனம் வாங்கியிருப்பது எட்டு மணி நேரத்தை மட்டும்தான்.